ஜெயசெல்வி அக்கா வாங்கிய ஆயிரம் அடி

அண்ணாந்து பார்த்தால் வானம் காலியாகத்தான் கிடக்கிறது. அங்கே இடம் போதவில்லை என்று சொன்னால் என் மாமியாரே சிரிக்கிறார். ஆனால் இருபத்தொன்பதாயிரம் அடியிலிருந்து நாற்பத்தோராயிரம் அடி வரைக்கும் மேலே ஒரே நெரிசல். ஜெட் விமானங்கள் எல்லாம் அந்த உயரத்தில்தான் பறக்க ஆசைப்படும். காற்று மெலிந்திருக்கும், எரிபொருள் குறைவாகச் செலவாகும். ஒரு காலத்தில் அங்கே ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் போகும் இரண்டு விமானங்களுக்கு நடுவே இரண்டாயிரம் அடி விடவேண்டும். இப்போது ஆயிரம் போதும். போதும் என்றால், தன் உயரத்தைத் தப்பில்லாமல் காட்டும் விமானத்துக்குத்தான் போதும். அதற்கென்று தனி அனுமதி உண்டு. விமானத்துக்கும் வாங்கவேண்டும், அதை ஓட்டும் கம்பெனிக்கும் வாங்கவேண்டும். விமானம் கைமாறினால் மறுபடி முதலிலிருந்து வாங்கவேண்டும்.

எங்கள் கம்பெனிக்கு அந்த அனுமதியை வாங்கித் தந்தவர் ஜெயசெல்வி அக்கா. வாங்கித் தந்ததற்கு அவருக்கு என்ன கிடைத்தது என்று யாரும் கேட்பதில்லை. யாராவது கேட்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன். அந்தக் கோபத்தில் பாதிக்கு மேல் எனக்கே சேரவேண்டியது.

என் பெயர் சிவப்பிரகாஷ். வாகைக்குளம் விமான நிலையத்தில் எங்கள் கம்பெனிக்கு ஒரே ஒரு விமானம், அதுவும் பழையது. நோயாளிகளைப் படுக்கையோடு ஏற்றிச் செல்லும் சின்ன ஜெட். அது எந்த வழியில், எந்த உயரத்தில் போகும் என்று திட்டம் எழுதி அனுப்புவது என் வேலை. முதலாளி ராஜபாண்டி அண்ணாச்சி. முத்தையாபுரத்தில் அவருக்கு எண்பது லாரி ஓடுகிறது. லாரி ஓட்டத் தெரிந்தவனுக்கு விமானம் ஓட்டத் தெரியாதா என்பது அவருடைய நம்பிக்கை. நல்ல மனுஷர்தான். காகிதம் என்றால் மட்டும் முகம் கோணிவிடும்.

விமானத்தின் காகிதங்கள் எல்லாம் ஜெயசெல்வி அக்கா கையில். அக்காவுக்கு நாற்பத்தாறு வயது. சொந்த ஊர் நாசரேத், கிறிஸ்தவக் குடும்பம், அப்பா அங்கே தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் ஆனபின் முத்தையாபுரத்தில் வீடு. வீட்டுக்காரர் நேசக்குமார் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். அக்காவும் முதலில் துறைமுகத்தில்தான் இருந்தார், ஒரு கப்பல் ஏஜெண்டு அலுவலகத்தில் பதினாலு வருஷம். உள்ளே வரும் கப்பலுக்கும் வெளியே போகும் கப்பலுக்கும் காகிதம் தயார் செய்வது வேலை. அங்கே மேலாளர் நாற்காலி இரண்டு முறை காலியானது. இரண்டு முறையும் அக்கா வேலை கற்றுக்கொடுத்த பையன்கள் அதில் போய் உட்கார்ந்தார்கள். இரண்டாவது தடவை அக்கா ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு, தபால் வழியில் விமானப் பராமரிப்பு ஆவணப் படிப்பு ஒன்றைப் படித்து எங்களிடம் வந்தார்.

வந்து நான்கு வருஷம் ஆகியும் அவர் பதவியோடு 'பொறுப்பு', அதாவது தற்காலிகம், என்ற சொல் ஒட்டிக்கொண்டே இருந்தது. மார்ச்சில், தாழப் பறக்கும் பழைய விசிறி விமானத்தை விற்றுவிட்டு இந்த ஜெட்டை வாங்கியபோது அண்ணாச்சி வாக்குக் கொடுத்தார்.

"ஏம்மா ஜெயசெல்வி, டிசம்பருக்குள்ள அந்த உயர அனுமதியை வாங்கிக் குடுத்திரு. நாற்காலி உனக்குத்தான், நிரந்தரமா. இல்லன்னா நான் சென்னையில இருந்து ஒரு ஆளக் கொண்டாரணும், பாத்துக்கோ."

அக்கா அன்று மேசையைத் துடைத்து, புதுக் கோப்பு ஒன்றைத் திறந்து, முதல் பக்கத்தில் தேதி போட்டார். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, அன்று நான் முந்திரிக்கொத்து கொண்டுபோயிருந்தேன். ஒன்றை எடுத்தவர் சாப்பிட மறந்து கோப்பின் மேலேயே வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது. இதே விமானம் போன வருஷம்வரை பழைய முதலாளியிடம் முப்பத்தேழாயிரம் அடியில் ஜம்மென்று பறந்தது. உயரம் அளக்கும் கருவி இரண்டு, இரண்டும் தனித்தனிக் குழாயில். உயரம் பிடிக்கும் தானியங்கி, உயரம் தப்பினால் கத்தும் மணி, எல்லாம் இருக்கிறது. ஒரு திருகாணிகூட மாறவில்லை. மாறியது கம்பெனிப் பெயர் மட்டும். ஆனாலும் அனுமதி கொடுக்கும் விமானத் துறையிலிருந்து முதல் கேள்வி வந்தது: பராமரிப்புத் திட்டத்தில் பழைய கம்பெனி பெயர் இருக்கிறதே? அக்கா முந்நூறு பக்கத்தையும் மாற்றி அனுப்பினார். ஐந்து வாரம் கழித்து இரண்டாவது கேள்வி: கருவிகளின் வரிசை எண்ணைப் புகைப்படத்தோடு அனுப்புங்கள். அனுப்பினார். பிறகு மூன்றாவது: விமானிகள் இந்தப் பயிற்சியை எடுத்தது பழைய கம்பெனியில்தானே, உங்கள் கம்பெனியில் எடுத்தார்களா? விமானிகளை உட்காரவைத்து மறுபடி பயிற்சி கொடுத்து, சான்றிதழ் எழுதி, அதையும் அனுப்பினார்.

"சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டாம்போலுக்கேக்கா" என்றேன் நான்.

"அவங்க கேக்கதுல தப்பில்ல தம்பி" என்றார் அக்கா. "நாளைக்கு மேல ஒருத்தன் ஆயிரம் அடியில போவான். நாம சொல்லுத உயரத்த நம்பித்தான போவான்."

தப்பில்லை என்று சொன்னாரே தவிர, அன்று சாயங்காலம் ஸ்டேப்ளரை மேசையில் வைத்த சத்தம் எனக்குக் கேட்டது. ஒவ்வொரு கேள்வியிலும் நியாயம் இருந்ததுதான் பெரிய கொடுமை. திட்டித் தீர்க்கக்கூட ஆளில்லை.

அனுமதி இல்லாததால் நாங்கள் இருபத்தெட்டாயிரம் அடியிலேயே கிடந்தோம். செப்டம்பரில் சாத்தான்குளத்து ஆசிரியர் ஒருவரை டெல்லிக்குக் கொண்டுபோனோம், இதயத்தில் கோளாறு. அந்த உயரத்தில் மழை மேகம், ஆட்டம். எரிபொருள் போதாமல் நாக்பூரில் இறக்கவேண்டியதாயிற்று. வெயிலில் ஐம்பது நிமிடம் அவர் படுக்கையிலேயே கிடந்தார். அவர் மகள் எனக்குப் போன் போட்டு, "நேராப் போவும்னு சொல்லித்தான கூட்டிட்டுப் போனீங்க, ஏன் எறக்குனீங்க?" என்று கத்தினார். நான் என்ன சொல்வேன்? வானத்தில் மேல்மாடி இருக்கிறது, சாவி எங்களிடம் இல்லை என்றா? அக்கா என் கையிலிருந்து போனை வாங்கி, "தப்பு எங்க பேர்லதாம்மா, காகிதம் முடியல" என்றார். அந்தப் பெண் அழுது முடிக்கும்வரை போனை வைக்கவில்லை. ஆசிரியர் பிழைத்துக்கொண்டார். அன்றிலிருந்து அக்கா மதியச் சாப்பாட்டை மேசையிலேயே வைத்துக்கொண்டார்.

அக்டோபரில் ஒருவழியாக எல்லாக் கேள்வியும் தீர்ந்தது. மிச்சம் ஒன்றே ஒன்று. விமானத்தைச் சிறப்பு அனுமதியோடு மேலே கொண்டுபோய், வெளியாள் கொண்டுவரும் அளவுப் பெட்டியை உள்ளே வைத்து, எங்கள் கருவி காட்டும் உயரம் சரிதானா என்று பார்க்கவேண்டும். ஆயுத பூஜை முடிந்து நான்காம் நாளுக்குத் தேதி கிடைத்தது.

ஆயுத பூஜையை அண்ணாச்சி சும்மா விடுவாரா? எண்பது லாரிக்கும் பொட்டு வைக்கிற கை. இந்த விமானத்துக்கு முதல் பூஜை வேறு. மூக்குக்கு மாலை, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம், வாழைக்கன்று, பொரிகடலை எல்லாம் வந்தாயிற்று. அண்ணாச்சி வீட்டம்மா ஒரு குத்துப்போணி நிறைய சந்தனம் குழைத்துக் கொண்டுவந்திருந்தார். லாரி ஓட்டத்தில் உதிராமல் இருக்க அதில் கொஞ்சம் கோந்து கலப்பது அவர்கள் வழக்கம். எங்கள் விமானமும் சந்தன நிறம்தான்.

ஏறும் கதவு இடது பக்கம் என்பதால் பூஜையும் இடது பக்கம். கதவுக்கு முன்னால், மூக்குக்குச் சற்றுப் பின்னால், மெல்லிய கோட்டால் போட்ட ஒரு கட்டம் உண்டு. கட்டத்துக்குள் ஊசித்துளை மாதிரி சில ஓட்டைகள். வெளிக்காற்றின் அழுத்தத்தை அந்த ஓட்டைகள் வழியாக வாங்கித்தான் இடது உயரக் கருவி கணக்குப் போடும். அந்தக் கட்டத்துக்குள் பெயிண்டுகூடக் கூடுதலாக ஒரு பூச்சு அடிக்கக் கூடாது. வழவழவென்று இருக்கவேண்டும். லாரியில் எப்போதும் கதவு ஓரம் பொட்டு வைக்கிற பழக்கத்தில் அண்ணாச்சி உள்ளங்கை நிறையச் சந்தனம் எடுத்து நேராக அந்தக் கட்டத்துக்குப் போனார்.

எங்கள் பொறியாளர் சொரிமுத்து அண்ணன் அப்போது மறுபக்கம் சக்கரத்தடியில் பழம் வைத்துக்கொண்டிருந்தார். அக்கா பொரித்தட்டோடு என் பக்கத்தில் நின்றார்.

"அண்ணாச்சி, அந்தக் கட்டத்துக்குள்ள மட்டும் வேண்டாமே" என்றார். "கொஞ்சம் கீழ வைங்களேன்."

அண்ணாச்சி கை நின்றது. திரும்பிப் பார்த்தார். அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்தேன்.

"அக்காவுக்கு சந்தனம்னாலே ஆகாது அண்ணாச்சி. ஞாயித்துக்கெழம சர்ச்சுல சொல்லி அனுப்பியிருப்பாவ!"

எல்லாரும் சிரித்தார்கள். வீட்டம்மாவும் சிரித்தார். அக்காவும் சிரித்தார், வேறு என்ன செய்வார்? சிரித்துக்கொண்டே ஓர் அடி பின்னால் போய் நின்றார். அண்ணாச்சி பட்டையாகச் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்தார். அந்தக் கட்டம் எதற்கு என்று எனக்கும் தெரியும். தெரிந்தேதான் சிரித்துக்கொண்டு நின்றேன். பூஜை நேரம், மறுநாள் துடைத்தால் போகிறது என்று நினைத்தேன்.

மறுநாள் துடைத்தார்கள். ஈரத்துணியால் நன்றாகவே துடைத்தார்கள். விமானி சுற்றி வந்து பார்த்தார், சொரிமுத்து அண்ணன் குழாய்களில் கசிவு இருக்கிறதா என்று தரையில் சோதித்துக் கையெழுத்துப் போட்டார். எல்லாம் சரி.

மேலே போனதும் சரியில்லை. இடது கருவிக்கும் வலது கருவிக்கும் இருநூற்று நாற்பது அடி வித்தியாசம். இருநூறுக்குமேல் இருக்கவே கூடாது. அளவுப் பெட்டியோடு வந்தவர் இறங்கியதும் காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். பதினைந்து நாளுக்குள் காரணத்தைக் கண்டுபிடித்து, சரிசெய்து, மறுபடி பறந்து காட்டி, அறிக்கை அனுப்பவேண்டும் என்று கடிதமும் வந்தது. ஏழு மாத உழைப்பு அந்த நாற்பது அடியில் தொங்கியது.

அண்ணாச்சிக்கு உடனே குற்றவாளி கிடைத்துவிட்டார். "சொரிமுத்து டெஸ்ட்ட ஒழுங்காப் பண்ணல. அப்படியே எழுதி முடிச்சிரும்மா. அவனுக்கு ஒரு எச்சரிக்கை, நமக்கு அனுமதி."

"அவரு பண்ணுனது சரி அண்ணாச்சி" என்றார் அக்கா. "தரையில ரெண்டும் ஒண்ணாத்தான் காட்டிச்சு. வேகத்துலதான் பிரியுது."

"அப்ப நீயே கண்டுபிடி."

மறுநாள் நடுப்பகலில், ஹாங்கருக்குள் அனல் வீசும் நேரத்தில், அக்கா ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறினார். கண்ணாடியைக் கழற்றினார். கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கட்டத்தை விரல் நுனியால் தடவிக்கொண்டே போனார். ஓர் இடத்தில் விரல் நின்றது. "சொரிமுத்து அண்ணன், இங்கன வாங்க" என்றார். ஓட்டையின் விளிம்பில் மெல்லிய பொருக்கு. கோந்து காய்ந்து பிடித்த சந்தனம். விமான நிறமும் அதே நிறம் என்பதால் கண்ணுக்குத் தெரியவில்லை. அவ்வளவுதான். சுண்டுவிரல் நகத்தின் கனம்கூட இல்லை. பறக்கும் வேகத்தில் காற்று அதில் இடறினால் போதும், கருவி பொய் சொல்லிவிடும்.

சொரிமுத்து அண்ணன் அதற்கான திரவத்தைக் கொண்டுவந்து மணிக்கணக்காக ஊறவைத்து எடுத்தார். பன்னிரண்டாம் நாள் மறுபடி பறந்தார்கள். வித்தியாசம் முப்பது அடி. விமானம் பிழைத்தது. ஆனால் காரணம் எழுதவேண்டுமே.

"பூஜைன்னு ஒரு வார்த்த வரக் கூடாது" என்றார் அண்ணாச்சி. "சாமிக்கு வச்ச பொட்டால பிளேன் கெட்டுப்போச்சுன்னு எழுதுனா ஊர்ல நான் எப்படி முகத்தக் காட்டுவேன்? அதுவும் நீ எழுதுனா என்ன பேசுவாவன்னு உனக்கே தெரியும்."

அக்காவுக்குத் தெரியும். நடந்ததை நடந்தபடி எழுதினால் கிறிஸ்தவப் பொம்பளை பூஜையைக் குறை சொன்னாள் என்று ஆகும். எழுதாமல் விட்டால் சொரிமுத்து அண்ணன் தலையில் விடியும். அக்கா இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் அறிக்கையை என் மேசையில் வைத்தார். அதில் சாட்சி என்று ஓர் இடம் இருந்தது. சம்பவத்தின்போது உடன் இருந்த ஊழியர் ஒருவர் கையெழுத்துப் போடவேண்டும்.

நான் படித்தேன். 'நிறுவன நிகழ்ச்சி ஒன்றில் குறியிட்ட பகுதிக்குள் பசைப்பொருள் பூசப்பட்டது. பொறியாளரின் சோதனையில் குறையில்லை. ஆவணப் பொறுப்பாளராகிய நான் உடனிருந்து பார்த்தேன். ஆபத்தை அறிந்தும் எதுவும் சொல்லவில்லை.' அதன் கீழே அவர் பெயரும் கையெழுத்தும்.

"அக்கா, நீங்க சொன்னீங்கள்லா" என்றேன்.

"சொன்னேன்."

"பின்ன ஏன் இப்படி எழுதுதீங்க?"

"சொன்னேன்னு எழுதுனா, சொன்ன பெறவு ஏன் பூசுனாங்கன்னு கேப்பாங்க. அதுக்கு என்ன எழுத? நீ சொன்னத எழுதவா?" அக்கா குரலை உயர்த்தவில்லை. "அத எழுதுனா இது பூஜைக்கும் சர்ச்சுக்கும் சண்டையா ஆயிரும் தம்பி. உயரத்தப் பத்தி யாரும் பேசமாட்டாங்க. போடு, கடைசித் தபாலுக்கு நேரமாச்சு."

பதினாலு வருஷம் கப்பல் காகிதம், நான்கு வருஷம் விமானக் காகிதம். தெரிந்து ஒரு பொய் எழுதியதில்லை அந்தப் பெண். முதல் பொய்யை என் வாய்க்காக எழுதியிருந்தார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் என் வாயால் இன்னொருத்தரைக் கெடுத்தேன். 'இல்லை, நான்தான் அவரைப் பேசவிடாமல் செய்தேன்' என்று எழுத அந்தத் தாளில் இடம் இருந்தது, பேனாவும் கையில் இருந்தது. வேலை போய்விடும் என்று பயந்தேன். வீட்டுக் கடன், பிள்ளைகள் என்று சாக்குக்கா பஞ்சம்? முழுதும் படித்துவிட்டு, தெரிந்தே கையெழுத்துப் போட்டேன்.

டிசம்பர் முதல் வாரம் அனுமதி வந்தது. அண்ணாச்சி எல்லாருக்கும் மஸ்கோத் அல்வா வாங்கிக் கொடுத்தார். அடுத்த வாரம் அக்காவைக் கூப்பிட்டார்.

"நானா ஒண்ணும் பண்ணலம்மா. ஆபத்துன்னு தெரிஞ்சும் சொல்லலன்னு நீயே கையெழுத்துப் போட்டு அனுப்பிட்ட. அப்படி எழுதுன ஆள இந்த நாற்காலியில வச்சா நாளைக்குத் தணிக்கைக்கு வாரவன் என்னையக் கேக்க மாட்டானா? நீ ஸ்டோர்ல இரு, சம்பளம் கொறையாது."

அக்கா ஸ்டோருக்குப் போகவில்லை. ஒரு மாத நோட்டீஸ் கொடுத்தார். அண்ணாச்சியின் அறையிலிருந்து வெளியே வந்தபோது அவர் முகத்தில் நான் எதிர்பார்த்த கோபம் இல்லை. களைப்புதான் இருந்தது. எனக்குத்தான் ஆத்திரம் பொங்கியது, யார்மீது என்று தெரியாமல். சென்னை ஆள் ஜனவரியில் வந்தார். நல்லவர்தான், அக்கா அடுக்கி வைத்த கோப்புகளைப் பார்த்து அசந்துபோனார். இப்போது எங்கள் விமானம் முப்பத்தேழாயிரம் அடியில் டெல்லிக்கு நேராகப் போகிறது.

அக்காவின் கடைசி நாள் சாயங்காலம், விமான நிலைய வாசலில் அவர் தூத்துக்குடிப் பேருந்துக்கு நிற்கும்போது நான் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"அக்கா, நான் இப்பவே எழுதி அனுப்புதேன். நீங்க தடுத்தீங்க, நான்தான் கேலி பண்ணி வாய அடைச்சேன்னு. உங்க நாற்காலி உங்களுக்கு வந்திரும்."

"அனுப்பு. அனுப்புனா நாம குடுத்த அறிக்கை பொய்னு ஆவும்" என்றார் அக்கா. "பொய் அறிக்கைக்குக் குடுத்த அனுமதி நிக்குமா? பிளேன் மறுபடியும் இருபத்தெட்டாயிரத்துக்கு எறங்கும். படுத்துக் கெடக்கவன நாக்பூர் வெயில்ல போடுவீங்க. அதுக்கா எட்டு மாசம் எழுதுனேன்?"

தோளில் நழுவிய கைப்பையை அக்கா மேலே இழுத்துக்கொண்டார்.

"எழுதுததுக்குரிய நேரம் போயிட்டு தம்பி" என்றார். "அன்னைக்கு நான் சொன்னப்ப, 'அக்கா சொல்லுதது சரிதான்'னு ஒரு வார்த்த. நீ சொன்னா கேட்டுருப்பாவ."

பேருந்து வர இன்னும் இருபது நிமிடம் இருந்தது. அக்கா கைப்பையிலிருந்து துறைமுகத்து ஏஜெண்டு அலுவலகம் ஒன்றின் விண்ணப்பத் தாளை எடுத்து, வாசல் திண்டில் உட்கார்ந்து மடியில் வைத்து நிரப்பத் தொடங்கினார். முந்தைய வேலையை விட்டதற்கான காரணம் என்ற இடத்தில் பேனா நின்றது. என்ன எழுதட்டும் என்பதுபோல என்னை நிமிர்ந்து பார்த்தார்.